வளர்ப்புப் பாம்புக்குப் பாதுகாப்பாக இரை கொடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் சோளப்பாம்பு வந்த முதல் ஆண்டில் இரண்டு முறை இரையைக் கக்கியது. இரண்டுக்கும் காரணம் நான்தான். முதல் முறை, அதன் வாய் விரிகிற விரிவைப் பார்த்து வியந்துபோய், கொடுக்க வேண்டியதைவிடப் பெரிய சுண்டெலியைக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் முறை, இரை எடுத்த மறுநாளே, வீட்டுக்கு வந்த நண்பருக்குக் காட்டுவதற்காக அதைக் கையில் எடுத்தேன். பசியால் அந்தப் பாம்புக்கு ஒரு நாளும் கேடு வந்ததில்லை. என் அவசரத்தால் வந்தது.

பாம்பு வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நாய்க்கும் பூனைக்கும் நாள்தோறும் உணவு வைத்துப் பழகிய கை, வாரத்துக்கு ஒருமுறை சாப்பிடும் உயிரின் முன்னால் சும்மா இருக்க மறுக்கிறது. ஆகவே எப்படிக் கொடுப்பது என்பதோடு, எப்போது கொடுக்காமல் இருப்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மனிதருக்கு ஆபத்தான நஞ்சில்லாத, வளர்ப்பிடத்திலேயே பிறந்த பாம்புகளுக்கானது இது. சோளப்பாம்பு, கிங் ஸ்னேக், பந்து மலைப்பாம்பு, போவா ஆகியவை அதிகம் வளர்க்கப்படுபவை. உங்கள் நாட்டுச் சட்டம் எந்த இனத்தை அனுமதிக்கிறது என்று பார்த்த பிறகே மற்றதெல்லாம். காட்டில் பிடித்த பாம்பு பெரும்பாலும் ஒட்டுண்ணிகளோடு வரும், இரையும் எளிதில் எடுக்காது. அதை வீட்டில் வைத்திருப்பது பல நாடுகளில் குற்றமும்கூட. ஆபத்தான நஞ்சுள்ள பாம்புகளைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை. அவை வீட்டில் இருக்க வேண்டியவை அல்ல.

இரை எடுத்த பாம்பின் உள்ளே

சோம்பிக் கிடப்பவரை ‘இரை எடுத்த மலைப்பாம்பு போல’ என்போம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பொருத்தமான உவமைதான். உள்ளேயோ பெரிய தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கும். பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கியபின் அதன் வளர்சிதை மாற்ற வேகம் ஓய்வுநிலையைப்போல 40 மடங்கு வரை உயர்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். இரண்டே நாளில் அதன் இதயத் தசையின் எடை சுமார் 40 சதவீதம் கூடுவதை 2005-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சுருங்கிக் கிடந்த குடல் தடிக்கிறது, ஓய்ந்திருந்த இரைப்பை மறுபடி அமிலம் சுரக்கிறது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். சோளப்பாம்பைப் போல அடிக்கடி சாப்பிடும் இனங்களில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு பெரிதாக இராது. ஆனாலும் ஒவ்வொரு இரையும் உடலுக்குப் பெரும் வேலைதான்.

இந்த வேலைக்கு வேண்டிய வெப்பத்தைப் பாம்பு வெளியிலிருந்து வாங்குகிறது. கூண்டு குளிர்ந்துவிட்டால் செரிமான நொதிகள் மந்தமாகும்; விழுங்கிய இரை செரிப்பதற்குள் வயிற்றிலேயே அழுகத் தொடங்கும். அதனால் இரை கொடுக்கும் வேலை எலியில் தொடங்குவதில்லை, வெப்பமானியில் தொடங்குகிறது.

பந்து மலைப்பாம்புக்குக் கூண்டின் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி. சோளப்பாம்புக்கு இதைவிடச் சில டிகிரி குறைவாகப் போதும்: சூடான பக்கம் 28 முதல் 31, மறுபக்கம் 22 முதல் 25. இரண்டு பக்கத்திலும் ஒரு வெப்பமானி, சூடேற்றும் கருவிக்கு வெப்பம் அளவு மீறாமல் காக்கும் ஒரு தெர்மோஸ்டாட், இரண்டு பக்கத்திலும் பாம்பு முழுதாக நுழைந்து ஒளியக்கூடிய மறைவிடம் ஒவ்வொன்று. இவை சரியாக இல்லாத கூண்டில் இரை கொடுப்பதைத் தள்ளிப்போடுங்கள். சூடேற்றி பழுதான நாளிலும் அப்படியே. வளர்ந்த பாம்பு ஒரு வாரம் கூடுதலாகக் காத்திருப்பதால் எதுவும் ஆகிவிடாது.

என்ன கொடுப்பது

முழு இரை. அதாவது எலும்பும் ஈரலும் குடலும் தோலுமாக ஒரு முழு விலங்கு. எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்து, ஈரலிலிருந்து வைட்டமின் ஏ, இப்படி ஒவ்வொரு உறுப்பும் ஒன்றைத் தருகிறது. வெறும் இறைச்சித் துண்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதையே தொடர்ந்து கொடுத்தால் பாம்பின் எலும்பு வலுவிழக்கும். முழு எலியைச் சாப்பிடும் பாம்புக்குத் தனியாகச் சத்து மாவு எதுவும் தூவ வேண்டியதில்லை.

எலியுண்ணும் பாம்புகளுக்குச் சுண்டெலி, எலி என்ற இரண்டுதான் முதன்மையான இரை. இவை பருவ வாரியாக விற்கப்படும். ‘பிங்கி’ என்றால் முடி முளைக்காத பிறந்த குஞ்சு, ‘ஃபஸி’ என்றால் மெல்லிய முடி அரும்பியது, ‘ஹாப்பர்’ என்றால் கண் திறந்து துள்ளத் தொடங்கியது. பிறந்த சுண்டெலிக் குஞ்சு 1 முதல் 2 கிராம்; வளர்ந்த சுண்டெலி 20 முதல் 30 கிராம். பிறந்த எலிக்குஞ்சே 5, 6 கிராம் இருக்கும். பெயரை நம்பாமல் எடை போட்டுப் பாருங்கள். ஒருவர் ‘ஹாப்பர்’ என்று விற்பதை இன்னொருவர் வேறு பெயரில் விற்பார்.

வீட்டு மூலையில் பொறியில் சிக்கிய எலியைக் கொடுத்தால் செலவு மிச்சம் என்று நினைக்கத் தோன்றும். வேண்டாம். அது எங்கோ எலிமருந்தைத் தின்றிருந்தால் அந்த நஞ்சு பாம்புக்கும் போகும், ஒட்டுண்ணிகள் வேறு.

எல்லாப் பாம்பும் எலி தின்பதில்லை என்பதையும் வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். கார்ட்டர் பாம்பு மீனும் மண்புழுவும் தவளையும் தின்னும் இனம். அதற்குத் தங்கமீனை மட்டுமே தொடர்ந்து கொடுத்தவர்கள் வருந்தியிருக்கிறார்கள். தங்கமீன் உள்ளிட்ட சில மீன்களில் தையாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். நாளடைவில் பாம்புக்கு நடுக்கம் வரும், தலையை நிலையாக வைத்திருக்க முடியாது, மல்லாத்தினால் திரும்பிக்கொள்ளத் தெரியாது. கார்ட்டர் பாம்புகள் பலவற்றை மீன் வாசனை தடவிய சுண்டெலிக் குஞ்சுக்குப் பழக்கிவிடலாம், அதுவே நல்ல வழி. ஆப்பிரிக்காவின் முட்டையுண்ணிப் பாம்பு இன்னொரு உலகம். பற்கள் ஏறக்குறைய இல்லாத அந்தப் பாம்பு முட்டையை முழுதாக விழுங்கி, தொண்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முதுகெலும்பு முனைகளால் உடைத்து, ஓட்டை மட்டும் மடித்துத் துப்பிவிடும். பார்க்க அழகு. ஆனால் குட்டிப் பாம்பின் வாய்க்கு ஏற்ற சிறிய முட்டை ஆண்டு முழுவதும் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். ‘பாம்புக்குப் பால் வார்த்தது போல’ என்பது நன்றியில்லாதவரைப் பற்றிய பேச்சு வழக்கு. அது மொழியோடு இருக்கட்டும். தாகம் முற்றிய பாம்பு எந்த நீர்மத்தையும் குடித்துவிடும், ஆனால் பாலைச் செரிக்கும் திறன் அதற்குக் கிடையாது. கூண்டில் எப்போதும் இருக்க வேண்டியது நல்ல தண்ணீர் மட்டுமே.

எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை

ஒரு சமையல் மின்தராசு வாங்கி, பாம்புக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். நான் இந்தத் துறையில் செலவழித்த பணத்தில் இதைப்போல் பயன்பட்டது வேறில்லை. மூடியுள்ள டப்பாவில் பாம்பை வைத்து எடை பாருங்கள். இரையின் அளவுக்கு இரண்டு கணக்கு உண்டு. ஒன்று கண் கணக்கு: இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனைத் தாண்டக் கூடாது. மற்றொன்று எடைக் கணக்கு: வளரும் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்த பாம்புக்கு அதைவிடக் குறைவு. இரண்டும் முரண்பட்டால் சிறியதைத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்துக்காட்டாக, 20 கிராம் எடையுள்ள சோளப்பாம்புக் குட்டிக்கு 2 முதல் 3 கிராம் இரை, ஐந்து முதல் ஏழு நாளுக்கு ஒருமுறை. அது வளர வளர இடைவெளி ஏழு, பத்து என்று நீளும். முழுதாக வளர்ந்தபின் ஒரு பெரிய சுண்டெலி, 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். பந்து மலைப்பாம்புக் குட்டிக்கு வாரம் ஒருமுறை. 500 கிராமைத் தாண்டியபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு அதன் எடையில் 5 முதல் 7 சதவீத அளவில், இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வளர்ந்த பெரிய போவாவுக்கு மூன்று, நான்கு வாரம், அதற்கு மேலும் ஆகலாம்.

இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். பாம்பின் உடலைப் பாருங்கள். முதுகெலும்பு கத்தி முனைபோல் துருத்திக்கொண்டிருந்தால் மெலிந்திருக்கிறது. உடல் உருட்டுக்கட்டைபோல் இருந்து, சுருளும்போது பக்கவாட்டில் மடிப்பு விழுந்து, சும்மா இருக்கும்போதே செதில்களுக்கு இடையே தோல் தெரிந்தால் கொழுத்திருக்கிறது. வீட்டுப் பாம்புகளில் மெலிந்ததைவிடக் கொழுத்ததையே அதிகம் பார்க்கிறேன். சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று அளவுக்கு மீறிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பாம்பு பெரிதாகும், கூடவே ஈரலில் கொழுப்பும் சேரும். கேட்கும்போதெல்லாம் கொடுப்பது அன்பு என்று நினைப்பவர், எது வந்தாலும் விழுங்கப் பார்க்கும் கிங் ஸ்னேக்கை ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். அது கேட்காத நாளே இல்லை.

உயிருள்ள இரை வேண்டாம் என்பதற்கான காரணம்

‘இயற்கையில் உயிருள்ளதைத்தானே பிடிக்கிறது’ என்பது வழக்கமான வாதம். இயற்கையில் எலிக்கு ஓட இடம் இருக்கிறது, பாம்புக்கு விலகிப்போக இடம் இருக்கிறது. கூண்டில் இரண்டுக்கும் இல்லை. பசியில்லாத பாம்போடு ஓர் இரவு முழுவதும் அடைபட்ட எலி சும்மா இருக்காது. பாம்பின் முதுகைக் கடித்துத் தின்னத் தொடங்கும். பாம்பு எதிர்க்காமல் சுருண்டு கிடக்கும். செதில் போய், தசை போய், எலும்பு தெரியும் வரை கடிபட்ட பாம்புகளை விலங்கு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பாம்பு சரியாகப் பிடித்தால்கூட, இறுகும் அந்தச் சில நொடிகளில் எலியின் பல் கண்ணில் பட்டுவிடலாம். எலியின் துன்பத்தையும் கணக்கில் வையுங்கள். சில நாடுகளில் உயிருள்ள முதுகெலும்பியை இரையாகக் கொடுப்பதற்குச் சட்டத் தடையும் இருக்கிறது.

முறையாகக் கொல்லப்பட்டு உறைய வைக்கப்பட்ட இரையே எல்லா வகையிலும் மேல். உறைய வைப்பது சில ஒட்டுண்ணிகளையும் அழிக்கும். வேறு வழியே இல்லாமல் உயிருள்ளதுதான் என்ற நிலை வந்தால், கண் திறக்காத குஞ்சைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். அதற்கும் பக்கத்திலேயே இருங்கள்.

உறைபெட்டியிலிருந்து இடுக்கி வரை

கவனம் சிதறும் இடம் இதுதான், ஆகவே மெதுவாகவே சொல்கிறேன்.

இரையை மைனஸ் 18 டிகிரியில், நாள் எழுதிய, இறுக மூடிய பையில், தனி டப்பாவில் வையுங்கள். வீட்டு உணவு இருக்கும் உறைபெட்டியைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது.

இரை கொடுப்பதற்கு முந்தைய இரவு, தேவையானதை மட்டும் ஜிப் பையில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். சுண்டெலிக்கு ஓர் இரவு போதும். பெரிய எலிக்கு ஒரு முழு நாள் ஆகும். மறந்துவிட்டால், பையோடு குளிர்ந்த நீரில் அமிழ்த்தலாம். சுண்டெலி ஒரு மணி நேரத்துக்குள் இளகிவிடும், எலிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல். எடுத்ததும் வயிற்றுப் பகுதியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் இன்னும் பனி இருக்கிறது என்று பொருள். வெளியே சூடாகி உள்ளே உறைந்த இரை, பாம்பின் வயிற்றுக்குள் பனிக்கட்டியைப் போட்டதற்குச் சமம்.

முழுதாக இளகியபின் சூடேற்றும் வேலை. கை பொறுக்கும் 40 முதல் 45 டிகிரி நீரில், பையோடு பத்து, பதினைந்து நிமிடம். கொதிநீர் கூடாது, வயிற்றுத் தோல் வெந்து, பாம்பு கவ்வியதும் கிழிந்துவிடும். மைக்ரோவேவ் அடுப்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அது சீராகச் சூடேற்றாது, ஓரிடம் வெந்திருக்க மற்றோர் இடம் உறைந்திருக்கும். சில சமயம் வெடிக்கும். அப்புறம் அந்த அடுப்பில் யார் சமைப்பது?

இரையின் மேற்பரப்பு 37, 38 டிகிரி அளவில் இருந்தால் போதும். பந்து மலைப்பாம்புக்கு இது மிக முக்கியம். அதன் மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள் வெப்பத்தை உணர்பவை. ஆறிப்போன எலி அதற்கு எலியே அல்ல. அதற்குக் கொடுக்கும்போது கடைசி அரை நிமிடம் எலியின் தலையை மட்டும் மறுபடி சூடான நீரில், பைக்குள் வைத்தபடியே காட்டுவேன். சோளப்பாம்பு இவ்வளவு பார்ப்பதில்லை. வாசனையை நாக்கால் எடுத்து, வாயின் மேலண்ணத்தில் உள்ள யாகப்சன் உறுப்பால் உணர்ந்து முடிவெடுத்துவிடும். கடைசியாக, காகிதத்தில் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். ஈர இரையில் மண்ணும் மரத்தூளும் ஒட்டும்.

ஒருமுறை இளகிய இரையை மீண்டும் உறைய வைக்கவே கூடாது.

இரை கொடுக்கும் வேளை

அன்று காலையிலிருந்தே பாம்பைக் கையாள வேண்டாம். இரவில் இரை தேடும் இனத்துக்கு அந்தி சாய்ந்த பிறகு, விளக்கைக் குறைத்துவிட்டுக் கொடுப்பது பயன் தரும். கூண்டில் இரண்டு பாம்புகள் இருந்தால், உண்மையில் அப்படி இருக்கவே கூடாது, ஒவ்வொன்றையும் தனித்தனி இடத்தில் வைத்துக் கொடுங்கள். ஒரே எலியை இரண்டு முனையிலிருந்தும் விழுங்கத் தொடங்கிய பாம்புகளில், பெரியது சிறியதையும் சேர்த்தே விழுங்கிவிடும். கிங் ஸ்னேக்குக்கு மற்ற பாம்பே இரைதான்.

தனி டப்பாவுக்கு மாற்றித்தான் இரை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கூண்டைத் திறக்கும்போதெல்லாம் பாம்பு கடிக்கப் பழகிவிடும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. மாற்றுவதே பாம்புக்குக் கலக்கம். சாப்பிட்டு முடித்த பாம்பைத் தூக்கி மறுபடி கூண்டில் விடுவது கக்குவதற்கு அழைப்பு விடுப்பதாகும். இரை வெறியில் இருக்கும் பாம்பின் அருகே கை போவதும் அப்போதுதான். இதற்கு எளிய மாற்று இருக்கிறது. இரை கொடுக்காத நாட்களில் கூண்டைத் திறந்ததும், ஒரு கொக்கியால் பாம்பின் உடலை மெல்லத் தொட்டுவிட்டுக் கையை விடுங்கள். தொடுகை வந்தால் இரை இல்லை என்று சில வாரங்களில் அது கற்றுக்கொள்ளும்.

இனி செய்முறை:

1. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலி வாசனையுள்ள விரல், பாம்புக்கு எலிதான்.

2. குறைந்தது 30 சென்டிமீட்டர் நீளமுள்ள இடுக்கியால் இரையின் பின்பகுதியைப் பிடியுங்கள். முனையில் ரப்பர் உறை இருந்தால் நல்லது. பாய்ந்து கவ்வும் பாம்பின் பல் வெறும் இரும்பில் பட்டு உடையக்கூடும்.

3. தலை முன்னால் வரும்படி, பாம்பின் பக்கவாட்டிலிருந்து, சில அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். முகத்தில் கொண்டுபோய் இடித்தால் அஞ்சும் பாம்பு பின்வாங்கிவிடும். எலி நடப்பதுபோல் லேசாக அசைத்துவிட்டு நிறுத்துங்கள்.

4. கவ்வி இறுகியதும் இடுக்கியைத் தளர்த்தி, மெதுவாக வெளியே எடுங்கள். அது தளர்வதாகத் தெரிந்தால் எலியின் வாலை ஒருமுறை லேசாக இழுத்துவிடலாம். உயிர் இருப்பதாக நினைத்து மறுபடி இறுக்கும்.

5. கதவை மூடிவிட்டு விலகுங்கள். பக்கத்தில் நின்று படம் எடுப்பதால், பாதி விழுங்கியதைத் துப்பிவிட்டுப் போகும் பாம்புகளும் உண்டு.

இரண்டரை மீட்டருக்கு மேல் நீளமான மலைப்பாம்பு, போவா எதுவானாலும், வயதுவந்த இருவர் இல்லாமல் கூண்டைத் திறக்கக் கூடாது. தனியாக இருக்கிற நாளில் அதற்குப் பட்டினிதான்.

விழுங்கி முடித்தபின் பாம்பு ஓரிரு முறை வாயை அகலத் திறந்து கொட்டாவி விடும். கழன்ற தாடையை மாட்டிக்கொள்கிறது என்பார்கள். தாடை கழல்வதே இல்லை. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டாமல், நீண்டுகொடுக்கும் தசைநாரால் இணைந்திருக்கின்றன. அதனால்தான் அவ்வளவு விரிய முடிகிறது. கொட்டாவி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொள்ளும் வேலை.

அடுத்த இரண்டு நாள்

குறைந்தது 48 மணி நேரம் தொடாதீர்கள். பெரிய இரை என்றால் மூன்று, நான்கு நாள். வயிற்றில் புடைப்பு மறையும்வரை காத்திருப்பது இன்னும் பாதுகாப்பு. தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு வேலை கூண்டுக்குள் வேண்டாம். சோளப்பாம்பு சில நாட்களில் கழிக்கும். பந்து மலைப்பாம்பு வாரக்கணக்கில்கூட எடுத்துக்கொள்ளும். கழிவோடு வரும் வெள்ளைக் கட்டி சிறுநீரின் திட வடிவம், நோய் அல்ல.

கக்கிவிட்டால்? முதலில் பதறி உடனே இன்னோர் இரை கொடுக்காதீர்கள். நான் அதைச் செய்யத்தான் போனேன்; நல்ல வேளையாக அனுபவமுள்ள ஒருவர் தடுத்தார். கக்கும்போது உணவுக்குழாய் அமிலத்தால் புண்படுகிறது, உடல் நீரையும் உப்புகளையும் இழக்கிறது. 10 முதல் 14 நாள் எதுவும் கொடுக்காமல், தண்ணீர் மட்டும் வைத்து, வெப்பத்தைச் சரிபார்த்துவிட்டு, வழக்கமான அளவில் பாதி இரையோடு தொடங்குங்கள். அதன்பின் இரண்டு, மூன்று வேளை சிறிய இரையே. இரண்டாம் முறையும் கக்கினால் கழிவு மாதிரியோடு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். ஒட்டுண்ணி, தொற்று என்று நம் கண்ணுக்குத் தெரியாத காரணங்கள் உண்டு.

வீட்டில் இருக்கும் மனிதர்களுக்காக

நல்ல உடல்நிலையில் உள்ள பாம்பின் குடலிலும் சால்மோனெல்லா இருக்கலாம். உறைந்த எலியிலும் இருக்கலாம். உறைய வைப்பது அந்தப் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. 2008-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலருக்கு வந்த சால்மோனெல்லா தொற்றுக்கு, பாம்புகளுக்காக விற்கப்பட்ட உறைந்த சுண்டெலிகளே மூலம் என்று கண்டறியப்பட்டது. ஆகவே சமையலறைத் தொட்டியில் இரையை இளக வைக்காதீர்கள். இடுக்கி, கிண்ணம், டப்பா எல்லாம் தனி. முடித்ததும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவுங்கள், பாத்திரங்களைக் கிருமிநாசினியால் துடையுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்கள் ஆகியோரை இந்த வேலையிலிருந்தும் கூண்டிலிருந்தும் தள்ளியே வையுங்கள்.

கடி பெரும்பாலும் இரை வேளையில் நிகழும் ஆள்மாறாட்டம்தான். பாம்பு கவ்விக்கொண்டால் கையை உதறி இழுக்காதீர்கள். அதன் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோலும் கிழியும், அதன் பல்லும் உடையும். சிறிய பாம்பு சில நொடியில் தவற்றை உணர்ந்து விட்டுவிடும். விடாவிட்டால் குழாயின் குளிர்ந்த நீரில் காட்டுங்கள், அல்லது கை சுத்திகரிப்பு நீர்மத்தில் ஓரிரு துளியை அதன் வாயோரத்தில் விடுங்கள். கையைச் சுற்றியிருந்தால் வால் முனையிலிருந்து பிரித்து எடுங்கள். தலைப் பக்கம்தான் வலு மிகுதி. காயத்தைச் சோப்பு நீரில் கழுவி, முறிந்த பல் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஆழமாக இருந்தால் மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.

சாப்பிட மறுத்தால்

புதிதாக வந்த பாம்புக்கு முதல் ஏழு, பத்து நாள் எதையும் காட்டாமல் விட்டுவிடுங்கள். சட்டை உரிப்பதற்கு முன் கண்கள் பால்நீலமாக மங்கியிருக்கும்போதும் பெரும்பாலான பாம்புகள் இரை எடுக்காது, உரித்து முடியட்டும். இவை இரண்டும் இல்லையென்றால் வெப்பம், மறைவிடம், இரையின் சூடு, இரையின் அளவு என்று வரிசையாகச் சரிபாருங்கள். மறுத்த இரையைச் சிறு தட்டில் வைத்து, விளக்கை அணைத்து, கூண்டைத் துணியால் மூடிவிட்டால், வெட்கமுள்ள பாம்பு இருட்டில் எடுத்துக்கொள்ளும். காலையிலும் அப்படியே கிடந்தால் தூக்கி எறியுங்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்து. நாள்தோறும் நீட்டுவது பாம்பை இரையைக் கண்டு அஞ்சவைக்கும். பன்றிமூக்குப் பாம்புக் குட்டி மறுத்தால் எலிக்குத் தவளை வாசனை ஏற்றிக் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் பலிக்கிறது. வாயைத் திறந்து திணிப்பது மட்டும் மருத்துவரின் வேலை.

மூச்சில் சீழ்க்கை ஒலி, வாயில் சளிக் குமிழி, ஈறில் சிவப்போ சீழோ, செதிலுக்கடியில் உண்ணி, எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். முட்டையிலிருந்து வந்து இதுவரை ஒருமுறைகூடச் சாப்பிடாத குட்டிக்கும் அவகாசம் குறைவுதான். இவை எதுவும் இல்லாத வளர்ந்த பாம்பு என்றால் நாட்காட்டியைவிடத் தராசை நம்புங்கள்.

இதற்காகவே ஒரு குறிப்பேடு வேண்டும். நாள், பாம்பின் எடை, இரையின் எடை, எடுத்ததா மறுத்ததா, கழித்த நாள், சட்டை உரித்த நாள். என் பந்து மலைப்பாம்பு ஒரு குளிர்காலத்தில் சாப்பிடுவதை நிறுத்தியது. அந்த இனம் அப்படித்தான், மாதக்கணக்கில் இருக்கும் என்று தெரிந்திருந்தும் ஒவ்வொரு முறையும் எலியைத் திரும்ப எடுத்துக் குப்பையில் போடும்போது வயிறு கலங்கும். குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பேன். தொடக்கத்தில் 1,420 கிராம். பதினான்காம் வாரம் 1,385. முப்பத்தைந்து கிராம்தான் குறைந்திருந்தது. பதினைந்தாம் வாரம் இடுக்கியை நீட்டி முடிப்பதற்குள் எலியைப் பிடுங்கிக்கொண்டது. அன்றைய பத்தியில் ‘எடுத்தது, 70 கிராம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.